கணிப்பொறித் தொகுதிகளில் மிகைவேக இயக்கம் பயன் தருமா?

விஞ்ஞான ஆராய்ச்சியில் சோதனைச்சாலைக்கும் ஏட்டுக் கணக்குக்கும் அடுத்தபடியாக, மூன்றாவது சாதனம் என்னும் நிலையைக் கணிப்பொறி இன்று பெற்றுள்ளது. பருவ மழையின் போக்கை முன்னறிவதற்கும், விமானத்தின் இறக்கையைச் சூழ்ந்து ஓடும் காற்றின் இயல்பை ஆராய்வதற்கும், புரத மூலக்கூறுகள் எவ்வாறு மடிகின்றன என்பதைக் காண்பதற்கும் கோடானுகோடிக் கணக்குகளைச் செய்தாக வேண்டும். தனி யந்திரம் ஒன்றினால் இயலாத இவ்வேலையை, ஆயிரக்கணக்கான செயலிகளை ஒன்றாகப் பிணைத்த ஒரு தொகுதி செய்து முடிக்கிறது. பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 2022 ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட 'பரம் பிரவேகா' இவ்வகையைச் சேர்ந்தது. அதன் உச்சத் திறன் 3.3 பெட்டாஃப்ளாப்ஸ், அஃதாவது, விநாடிக்கு 3,300 லட்சம் கோடிக் கணக்குகள்.

இத்தகைய சாதனத்தை உபயோகிக்க ஆராய்ச்சியாளர் பலர் வரிசையில் காத்திருப்பர். ஆகவே ஒரு கேள்வி இயல்பாக எழுகிறது. வீட்டுக் கணிப்பொறி வைத்திருப்போரிற் சிலர், உற்பத்தியாளர் விதித்த அளவுக்கு மேல் செயலியை விரைவாக ஓட்டிப் பயன் பெறுகின்றனர். 'ஓவர்கிளாக்கிங்' எனப்படும் இம்முறையை நாம் மிகைவேக இயக்கம் எனக் குறிப்போம். பொதுப் பணத்தில் வாங்கிய பெருந் தொகுதிகளிலும் இதனைக் கையாண்டால், புதிய செயலி ஒன்றும் வாங்காமலே 10 சதவீதம் கூடுதலான வேலை கிடைக்குமன்றோ? இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

துடிப்பும் வேகமும்

செயலி ஒன்றினுள் கோடிக்கணக்கான நுண்ணிய டிரான்சிஸ்டர்கள் உள்ளன. இவை அனைத்தும் ஒரு தாளத்திற்கு இசைந்து இயங்குமாறு ஒரு மின்துடிப்பு ஒழுங்காகச் செலுத்தப்படுகிறது. 3 கிகாஹெர்ட்ஸ் செயலி என்றால், அதன் துடிப்பு விநாடிக்கு 300 கோடி முறை நிகழ்கிறது என்பது பொருள். ஒவ்வொரு துடிப்பிலும் மின்குறி ஒரு கட்டத்தினின்றும் அடுத்த கட்டத்தைச் சென்றடைந்து நிலைபெற வேண்டும்.

உற்பத்தியாளர் இத்துடிப்பை நிர்ணயிக்கும்போது சிறிது இடைவெளி விட்டே நிர்ணயிக்கிறார். உஷ்ணம் மிகுந்த நாளிலும், மின்னழுத்தம் சற்றுக் குறைந்த வேளையிலும், பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த பின்னரும் செயலி பிழையின்றிக் கணக்கிட வேண்டும் என்பதே இதன் காரணம். மிகைவேக இயக்கம் என்பது இந்தப் பாதுகாப்பு இடைவெளியைச் செலவழிப்பதேயாகும். பெருந் தொகுதிகளுக்கென விற்கப்படும் செயலிகள் பெரும்பாலானவற்றில் உற்பத்தியாளரே இவ்வழியை அடைத்து விடுகின்றனர். அடைக்காமல் விட்டாலும் அது நன்மை தருமா என்பதே நம் கேள்வி.

வெப்பத்தின் கணக்கு

டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் ஒரு சிறு மின்தேக்கி நிரம்பிக் காலியாகிறது. இதற்குச் செலவாகும் மின்திறன் துடிப்பின் அளவை ஒட்டியும், மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தை ஒட்டியும் அமைகிறது. துடிப்பை மட்டும் உயர்த்தினால் செலவும் அதே விகிதத்தில்தான் உயரும். ஆனால், குறுகிய நேரத்தில் மின்குறி நிலைபெற வேண்டுமாயின் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து உயரும்போது, செலவு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை நெருங்குகிறது.

எடுத்துக்காட்டாக, துடிப்பையும் மின்னழுத்தத்தையும் 10 சதவீதம் கூட்டினால், 1.1 என்பதை மும்முறை பெருக்க வேண்டும், விடை 1.33. பத்தில் ஒரு பங்கு வேகம் கூடுவதற்கு மூன்றில் ஒரு பங்கு மின்திறன் கூடுதலாகச் செலவாகிறது. செலவான மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படும்.

இக்கணக்கைத் திருப்பியும் போடலாம். துடிப்பையும் மின்னழுத்தத்தையும் 20 சதவீதம் குறைத்தால், 0.8 என்பதன் மும்மடி 0.51 ஆகும், அஃதாவது, செலவு ஏறத்தாழப் பாதியாகிறது. எனவே, முழு வேகத்தில் ஓடும் ஒரு செயலி உண்ணும் மின்சாரத்தைக் கொண்டு, மெதுவாக ஓடும் இரண்டு செயலிகளை இயக்கலாம். அவ்விரண்டும் சேர்ந்து 1.6 மடங்கு வேலை செய்யும். வேலையைப் பங்கிட முடியுமாயின், விரைந்தோடும் ஒருவனைவிட நிதானமாக நடக்கும் இருவர் மேல் என்பதே பௌதிக விதி நமக்குக் கூறும் பாடமாகும்.

பெங்களூரின் அநுபவம்

இப்பாடம் பெங்களூருக்குப் புதிதன்று. அங்குள்ள தேசிய விமானவியல் ஆராய்ச்சிக் கூடத்தில் 1986 ஆம் ஆண்டில் 'ஃப்ளோசால்வர்' என்னும் இணைக் கணிப்பொறி உருவாக்கப்பட்டது. அப்போது அதன் இயக்குநராக இருந்தவர் ரொத்தம் நரசிம்மா. முயற்சியை முன்னின்று நடத்தியவர் உ. ந. சின்ஹா. பாய்மங்களின் இயக்கத்தைக் கணக்கிடுவதற்கு எழுந்த இக்கருவியில், இன்டெல் 8086 செயலிகளும் அவற்றுக்குத் துணையாக 8087 செயலிகளும் இடம் பெற்றன. இவை அக்காலத்து மிக விரைவான செயலிகள் அல்ல. 8086 வெளிவந்ததே 1978 ஆம் ஆண்டில்தான். எளிதிற் கிடைக்கும் சாதாரணச் செயலிகளை இணைத்து, வேலையை அவற்றினிடையே பங்கிடுவதில்தான் கருவியின் சிறப்பு அடங்கியிருந்தது.

இதனினும் தெளிவான சான்று இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 2007 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 'புளூ ஜீன்/எல்' தொகுதியாகும். அதில் 4,096 கணுக்கள் இருந்தன. கணு என்பது தனக்கென நினைவகம் உடைய ஒரு தனிக் கணிப்புப் பகுதி. கணுவுக்கு இரண்டாக மொத்தம் 8,192 செயலிகள் வேலை செய்தன. அவற்றின் துடிப்பு வெறும் 700 மெகாஹெர்ட்ஸ். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2004 ஆம் ஆண்டின் இறுதியில், கடையில் விற்ற பென்டியம் 4 செயலியின் துடிப்பு 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியிருந்தது. மேசைக் கணிப்பொறியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான வேகமுடைய செயலியைக் கொண்டு, உலகின் முன்னணித் தொகுதிகளுள் ஒன்றை அமைத்தது ஏன்?

மெதுவாகத் துடிக்கும் செயலி குறைந்த வெப்பத்தையே வெளியிடும். ஆதலால் செயலிகளை நெருக்கமாக அடுக்கலாம். புளூ ஜீனின் ஒவ்வொரு பேழையிலும் 1,024 கணுக்களை வைத்து, வெறும் காற்றினாலேயே குளிர்விக்க முடிந்தது. அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் இருந்த இதே வகைத் தொகுதி, 2004 நவம்பர் முதல் 2008 ஜூன் வரை உலகின் மிக விரைவான கணிப்பொறி என்னும் இடத்தை வகித்தது.

இதற்கு நேர்மாறான வழியில் சென்ற இன்டெல் நிறுவனம், 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 செயலியை வெளியிடும் திட்டத்தை 2004 அக்டோபரிற் கைவிட்டது. டிரான்சிஸ்டர் சிறுத்தால் மின்னழுத்தமும் அதற்கேற்பக் குறையும் என்று 1974 ஆம் ஆண்டில் ராபர்ட் டென்னார்டும் அவருடைய துணைவரும் விளக்கிய நிலைமை, அக்காலத்தோடு முடிவுற்றது. அதன் பின் செயலிகளின் துடிப்பு சிறிதளவே உயர்ந்தது. ஒரு செயலிக்குள் அடங்கிய உட்கருக்களின் எண்ணிக்கையே பெருகியது. பரம் பிரவேகாவின் ஜியான் 8268 செயலி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதன் அடிப்படைத் துடிப்பு 2.9 கிகாஹெர்ட்ஸ், பழைய பென்டியத்தினும் குறைவு. ஆனால் அதனுள் 24 உட்கருக்கள் உள்ளன.

காத்திருக்கும் செயலி

துடிப்பு 10 சதவீதம் கூடினால் வேலையும் 10 சதவீதம் விரைவாக முடியும் எனக் கொள்வதும் தவறு. செயலி கணக்கிடும் எண்கள் நினைவகத்திலிருந்து வர வேண்டும். நினைவகம் ஓர் எண்ணைக் கொணர 100 நானோவிநாடி எடுத்துக்கொள்கிறது எனக் கொள்வோம். அதற்குள் 3 கிகாஹெர்ட்ஸ் செயலி 300 முறை துடித்துவிடும். துடிப்பை 3.3 கிகாஹெர்ட்ஸாக உயர்த்தினால், அதே எண்ணுக்காக 330 துடிப்புகள் காத்திருக்கும், அவ்வளவுதான்.

வானிலைக் கணக்கு, பாய்ம இயக்கக் கணக்கு முதலியவற்றில் இவ்வாறு காத்திருக்கும் நேரமே பெரும்பாலும் மிகுதி. மேலும், தொகுதியின் ஒவ்வொரு கணுவும் தன் பங்கை முடித்தபின் அண்டைக் கணுக்களோடு விடைகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். ஒரு கணு முந்தி முடித்தாலும், கடைசிக் கணு முடிக்கும் வரை மற்றவை காத்திருக்கின்றன.

100 மணி நேரம் ஓடும் ஒரு கணக்கில் 60 மணி நேரம் இவ்விதக் காத்திருப்பிற் கழிகிறது என்று வைத்துக்கொள்வோம். மிகைவேக இயக்கத்தால் எஞ்சிய 40 மணி நேரம் மட்டுமே 36.4 மணியாகக் குறையும். மொத்தம் 96.4 மணி. மிச்சமாவது 3.6 மணி நேரம். ஆனால் செயலிகள் உண்ட மின்சாரமோ 28 சதவீதம் கூடிவிடும். அதே கணக்கை 10 சதவீதம் குறைந்த துடிப்பிலும் மின்னழுத்தத்திலும் ஓட்டினால், அது முடிய 104.4 மணி ஆகும்; மின்செலவு ஏறத்தாழ 24 சதவீதம் குறையும். நாலரை மணி நேரத் தாமதத்திற்கு ஈடாக, நாலில் ஒரு பங்கு மின்சாரம் மிஞ்சுகிறது.

இவை ஏட்டுக் கணக்குகளே. மின்னழுத்தத்தை ஓரளவுக்குக் கீழே இறக்க இயலாது. துடிப்பில்லாத வேளையிலும் செயலியிற் சிறிது மின்சாரம் கசிகிறது. நினைவகமும் மற்ற உறுப்புகளும் வேலை நீடிக்கும் வரை மின்சாரத்தை உண்கின்றன. ஆகவே நடைமுறையிற் கிடைக்கும் மிச்சம் இதனினும் குறைவாகவே இருக்கும். எனினும் கணக்கின் போக்கை அநுபவம் உறுதி செய்துள்ளது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உள்ள 'ஆர்ச்சர் 2' தொகுதியில், செயலிகளின் இயல்பான துடிப்பை 2022 டிசம்பரில் 2.25 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2 கிகாஹெர்ட்ஸாகக் குறைத்தனர். அவ்வாண்டு செய்த வேறொரு சீரமைப்புடன் சேர்த்து, தொகுதியின் மின்தேவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

பிழையற்ற விடை

மின்செலவினும் முக்கியமானது விடையின் நம்பகத் தன்மை. வீட்டில் ஒரு கணிப்பொறி மிகைவேகத்தால் இடையில் நின்றுவிட்டால் மறுபடி இயக்கிக்கொள்ளலாம். தொகுதியின் நிலை வேறு. செயலி ஒன்று பத்தாண்டுகளுக்கு ஒரு முறை தவறும் எனக் கொண்டால், தனி மனிதருக்கு அது ஒரு பொருட்டன்று. ஆயிரம் செயலிகள் சேர்ந்து உழைக்கும் தொகுதியில், ஏறக்குறைய நான்கு நாட்களுக்கு ஒரு முறை ஏதேனும் ஒன்று தவறும். பாதுகாப்பு இடைவெளியைச் செலவழித்துத் தவறும் வாய்ப்பைப் பத்து மடங்காக்கினால், நாளுக்கு இரு முறைக்கு மேல் தடை நேரும். ஒரு வாரம் ஓட வேண்டிய கணக்கு, மீண்டும் மீண்டும் தொடங்குவதிலேயே காலத்தை இழக்கும்.

நின்றுபோவது வெளிப்படையான தவறு. எவ்வித எச்சரிக்கையுமின்றித் தவறான விடையைத் தருவது அதனினும் கேடானது. கூகுள், ஃபேஸ்புக் நிறுவனங்களின் பொறியாளர்கள் 2021 ஆம் ஆண்டில் இதைப்பற்றித் தனித்தனியே ஆய்வுகளை வெளியிட்டனர். விதித்த வேகத்தில் ஓடும் செயலிகளிலும் சில உட்கருக்கள் ஓசையின்றிப் பிழை செய்வதை அவர்கள் எடுத்துக்காட்டினர். சில ஆயிரம் யந்திரங்களுக்குச் சில உட்கருக்கள் இவ்வாறு இருப்பதாகக் கூகுள் பொறியாளர்கள் மதிப்பிட்டனர். இயல்பான வேகத்திலேயே இவ்வாறெனில், மிகைவேகத்தில் நேரக்கூடியதை ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தகைய பிழைக்குக் கொடுக்க வேண்டிய விலைக்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக் கழகம் 2003 ஆம் ஆண்டில் 1,100 ஆப்பிள் கணிப்பொறிகளை இணைத்துக் குறைந்த செலவில் ஒரு தொகுதியை அமைத்தது. அது அவ்வாண்டே உலக வரிசையில் மூன்றாம் இடம் பெற்றது. ஆயின் அக்கணிப்பொறிகளின் நினைவகம் தன் பிழையைத் தானே திருத்தும் வகையைச் சேர்ந்ததன்று. பெரிய கணக்குகளுக்கு அதனை நம்ப இயலாமையால், அடுத்த ஆண்டே பிழை திருத்தும் நினைவகம் கொண்ட யந்திரங்களாக அனைத்தையும் மாற்ற நேர்ந்தது. புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பதையோ, இறக்கை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதையோ கூறும் கணக்கில், விரைவான தவறான விடையைக் காட்டிலும் தாமதமான சரியான விடையே வேண்டப்படுவது.

மின்சாரமும் நீரும்

மிகைவேகத்தின் செலவைப் பெங்களூருக்குப் பொருத்திப் பார்ப்போம். ஜியான் 8268 செயலியின் வெப்ப அளவு 205 வாட். இவ்வகைச் செயலிகள் ஆயிரம் கொண்ட ஒரு தொகுதியை மேலே கூறியவாறு 10 சதவீத மிகைவேகத்தில் ஆண்டு முழுவதும் ஓட்டினால், கூடுதல் மின்தேவை 68 கிலோவாட். ஆண்டுக்கு இது ஏறத்தாழ 6 லட்சம் யூனிட் ஆகும். யூனிட்டுக்கு 8 ரூபாய் எனக் கொண்டால், செலவு 48 லட்ச ரூபாய். குளிர்விக்கும் செலவு இதில் அடங்காது.

இவ்வெப்பத்தை நீர் ஆவியாகும் கோபுரங்களின் வழியே வெளியேற்றினால், ஒவ்வொரு யூனிட்டுக்கும் சுமார் ஒன்றரை லிட்டர் நீர் ஆவியாகும். ஆறு லட்சம் யூனிட்டுக்கு 9 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் அமைந்த பெங்களூர், காவிரி நீரை ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பம்பு செய்து கொணர்கிறது. 2024 ஆம் ஆண்டின் கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றி நகர மக்கள் பட்ட துன்பம் யாவரும் அறிந்ததே. காற்றினாற் குளிர்விப்போம் எனில், அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. ஆதலின் விசிறிகள் அதற்கேற்ப மிகுதியாக உழைக்க வேண்டும். பரம் பிரவேகாவில் செயலிகளையே தொட்டுச் செல்லும் குழாய்களில் திரவத்தைச் செலுத்தி வெப்பத்தை அகற்றுகின்றனர். இம்முறை சிக்கனமானது. எனினும் அகற்றப்படும் வெப்பம் எங்கேனும் சென்று சேர்ந்துதானே ஆக வேண்டும்?

எங்கே பொருந்தும்?

மிகைவேக இயக்கம் எங்குமே பயனற்றது என முடிவு கட்டலாகாது. வேலையைப் பங்கிட முடியாத இடத்தில் அதற்கு மதிப்புண்டு. பங்குச் சந்தை வாணிகத்தில் மைக்ரோவிநாடி முந்தினால் இலாபம் என்ற நிலையில், திரவத்தாற் குளிர்விக்கப்பட்ட மிகைவேகக் கணிப்பொறிகளைச் சில நிறுவனங்கள் உபயோகிக்கின்றன. பந்தய நோக்குடையோர் திரவ ஹீலியத்தினாற் குளிர்வித்து, 2022 டிசம்பரில் 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினர். ஆனால் அவ்வேகம் சில கணங்களுக்கே நீடித்தது. கொதிக்கும் திரவத்தில் கணிப்பொறிகளை அமிழ்த்திக் குளிர்விக்கும் முறையை 2021 ஆம் ஆண்டில் பரிசோதித்த மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார், தேவை திடீரெனப் பெருகும் வேளைகளில் மிகைவேகத்தைச் சிறிது நேரம் கையாள இயலுமா என்றும் ஆராய்ந்தனர்.

உற்பத்தியாளரே சோதித்து அனுமதித்த கூடுதல் வேகம் வேறு வகையானது. இன்டெல் நிறுவனம் 2008 முதல் தன் செயலிகளிற் புகுத்திய 'டர்போ' முறையில், வெப்பத்துக்கு இடமிருந்தால் செயலி தானே விரைகிறது. கனமான கணக்கு வந்தால் தானே அடங்குகிறது. ஜப்பானின் கோபே நகரில் உள்ள 'ஃபுகாகு' தொகுதியில் 2 கிகாஹெர்ட்ஸ் இயல்பான துடிப்பும், 2.2 கிகாஹெர்ட்ஸ் உயர் துடிப்பும், மின்சிக்கன நிலையும் தொடக்கத்திலேயே திட்டமிட்டு அமைக்கப்பட்டன. வேலையின் தன்மைக்கு ஏற்றதை ஆராய்ச்சியாளர் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். இங்கே பாதுகாப்பு இடைவெளி கைவிடப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

முடிவு

தனிக் கணிப்பொறியை அதன் வேகத்தால் அளக்கலாம். பெருந் தொகுதியை அளக்க வேண்டியது, ஒரு யூனிட் மின்சாரத்திற்கு அது தரும் நம்பத்தக்க விடைகளால் ஆகும். அவ்வளவுகோலின்படி மிகைவேக இயக்கம் தொகுதிகளுக்கு ஏற்றதன்று. அதனால் கிடைக்கும் சிறிது காலத்தினும், இழக்கும் மின்சாரமும் நீரும் நம்பிக்கையும் அதிகம்.

வரிசையிற் காத்திருக்கும் ஆராய்ச்சியாளரின் குறை உண்மையானதே. அதனைத் தீர்க்கும் வழிகள் வேறு. நிரலை ஆராய்ந்து நினைவகத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாம். கணுக்களிடையே செய்திப் பரிமாற்றத்தைச் சுருக்கலாம். ஒவ்வொரு நிரலுக்கும் ஏற்ற துடிப்பை அளந்தறிந்து, குறைத்தாலும் கேடில்லாத இடத்தில் குறைத்து, மிஞ்சிய மின்சாரத்தைக் கொண்டு மேலும் சில கணுக்களை இயக்கலாம். தேசிய மீக்கணிப்பொறித் திட்டம் 2015 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பின் நாட்டின் பல கல்வி நிலையங்களில் இத்தகைய தொகுதிகள் நிறுவப்பட்டுள்ளன. அவற்றை இயக்கும் இளம் பொறியாளர்கள் தத்தம் நிலையத்திலேயே இவ்வளவைகளைச் செய்து பார்க்கலாம். அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை.